கம்பெனியைக் காப்பாற்றிய இரைச்சல்!

சேற்றில் சிக்கிய லாரி உறுமுவது போல கிடார், தொண்டை கிழியக் கத்தும் குரல். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து 'மட்ஹனி' ராக் குழுவின் அடையாளமே இந்த இரைச்சல்தான். 1990-ல் 24 டிராக் வசதியுள்ள ஸ்டுடியோவில் சில பாடல்களைப் பதிந்தார்கள். கேட்டால், ரொம்பவும் சுத்தமாக இருந்தது! பிடிக்கவில்லை.

ஒரு வீட்டின் அடித்தளத்தில் இருந்த சின்ன ஸ்டுடியோவுக்குப் போய், வெறும் எட்டு டிராக்கில் ஆல்பத்தை முடித்தார்கள். 1991 ஜூலையில் 'எவ்ரி குட் பாய் டிசர்வ்ஸ் ஃபட்ஜ்' வெளியானது. (மேற்கத்திய இசை படிக்கும் பிள்ளைகள் ஸ்வரக் கோடுகளை மனப்பாடம் செய்யும் வாக்கியம் இது!)

அதை வெளியிட்ட 'சப் பாப்' கம்பெனி அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. கைகொடுத்தது இந்த ஆல்பத்தின் விற்பனைதான். இரண்டே மாதத்தில் 'நிர்வாணா' குழுவின் 'நெவர்மைண்ட்' வந்து உலகப் புகழை அள்ளிக்கொண்டு போனதால், மட்ஹனியின் பங்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை.

30 ஆண்டு நிறைவையொட்டி 2021-ல் இந்த ஆல்பம் மறுபடி வினைல் இசைத்தட்டாக வந்தது. அன்று ஒதுக்கிய 'சுத்தமான' பதிவுகளும் கூடவே இருக்கின்றன. இரண்டையும் கேட்டால் அடித்தளம்தான் ஜெயிக்கிறது.

குழுவின் பாடகர் மார்க் ஆர்ம், பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் பார்த்த வேலை? அதே சப் பாப்பின் குடோன் மேலாளர்!