காம்போ உடைவது எந்த விரலில்?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ரியூவை வைத்து ஒரு காம்போ பழகிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தபடி மீடியம் கிக், அதை அறுத்து டிரைவ் ரஷ், உட்கார்ந்தபடி மீடியம் பஞ்ச், கடைசியில் ஹெவி ஷோர்யூகென். சொன்னால் ஒரு வரி. பயிற்சி அறையில் பத்துக்கு ஆறு முறை வரும். ஆன்லைன் மேட்ச்சில் இரண்டு வந்தாலே பெரிய விஷயம். வலது கட்டைவிரலின் அடியில் வலி வேறு. கோளாறு கன்ட்ரோலரில்தான் என்று நானே முடிவு கட்டி, சேர்த்து வைத்த பணத்தில் ஓர் ஆர்கேட் ஸ்டிக் வாங்கினேன். ஒரு மாதம் ஆயிற்று. வலி குறைந்தது. காம்போ மட்டும் அதே இடத்தில்தான் உடைந்தது.

கடுப்பில் ஒரு நாள் போனை மேஜையில் சாய்த்து வைத்து, என் கைகளை மட்டும் வீடியோ எடுத்தேன். பழைய கன்ட்ரோலரில் ஒரு தடவை, ஸ்டிக்கில் ஒரு தடவை. அரை வேகத்தில் ஓட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

பிளேஸ்டேஷன் பாணி கன்ட்ரோலரில் மீடியம் கிக் என்பது சர்க்கிள், மீடியம் பஞ்ச் என்பது டிரையாங்கிள். டிரைவ் ரஷ்ஷுக்கு இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆக என் வலது கட்டைவிரல் முதலில் சர்க்கிளை அழுத்தி, எடுத்து, சர்க்கிளையும் டிரையாங்கிளையும் ஒன்றாக அழுத்தி, மறுபடி எடுத்து, டிரையாங்கிளை மட்டும் அழுத்த வேண்டும். அடுத்தடுத்து மூன்று வேலை, செய்வதோ ஒரே விரல். மற்ற விரல்கள் சும்மா உட்கார்ந்திருந்தன!

ஸ்டிக்கிலும் இதே கதைதான். நடுவிரலால் கீழ் வரிசையில் மீடியம் கிக்கை அழுத்திவிட்டு, உடனே அதே நடுவிரலை மேல் வரிசைக்குத் தாவவிட்டுக்கொண்டிருந்தேன். கருவியை மாற்றினேன், பழக்கம் என்னோடு கூடவே வந்துவிட்டது.

இது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 காலத்தில், ஒரே ஒரு ஃபிரேமுக்குள் அழுத்தினால்தான் சேரும் என்ற அடிகள் இருந்தன. அதற்காகவே "பிளிங்க்" என்றொரு உத்தி பிறந்தது. பலமான பட்டனை அழுத்தி, அடுத்த ஃபிரேமிலேயே பலம் குறைந்ததை வேறு விரலால் தட்டினால், விளையாட்டு முதல் பட்டனை இரண்டாம் முறையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதாவது ஒரு வாய்ப்பு இரண்டாகும். கவனியுங்கள், இதுவும் வேலையை இரண்டு விரல்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான்.

ஏன் இந்தச் சிக்கல்? பட்டன்கள் காம்போவுக்காக அடுக்கப்பட்டவையே அல்ல. 1987-ல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஒரு ஆர்கேட் வடிவத்தில் பஞ்ச்சுக்கு ஒன்று, கிக்குக்கு ஒன்று என இரண்டு பெரிய அழுத்துப் பலகைகள்தான் இருந்தன. எவ்வளவு ஓங்கிக் குத்துகிறோமோ அவ்வளவு பலம். அந்த மூன்று பலங்கள்தான் பின்னால் மூன்று மூன்றாக ஆறு பட்டன்கள் ஆயின. காம்போ வந்ததே தற்செயல். 1991-ல் வெளியான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐச் சோதிக்கும்போது, கார் உடைக்கும் போனஸ் கட்டத்தில் அடிகளுக்கு நடுவே இன்னோர் அடி நுழைவதைத் தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனாமிசு கவனித்தார். இதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தப் போவதில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆர்கேடில் அந்த ஆறு பட்டன்களும் ஒரு முழுக் கைக்காக இருந்தவை. வீட்டுக் கன்ட்ரோலரில் அதில் நான்கு ஒரே கட்டைவிரலின் தலையில் விழுந்தன.

டெக்கன் 8-ல் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே ஸ்கொயர் இடது கை, டிரையாங்கிள் வலது கை, எக்ஸ் இடது கால், சர்க்கிள் வலது கால். பக்கத்துப் பட்டன்கள் இரண்டைக் கட்டைவிரலைப் படுக்கவைத்து ஒன்றாக அழுத்திவிடலாம். ஆனால் ஹீட் பர்ஸ்ட்டுக்கு வலது கையும் இடது காலும், அதாவது டிரையாங்கிளும் எக்ஸும் வேண்டும். இரண்டும் எதிரெதிர் முனையில் இருக்கின்றன. கட்டைவிரலால் முடியாது. தோள்பட்டன் ஒன்றுக்கு அதைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் செய்ததும் இதுதான். கன்ட்ரோலரில் மீடியம் பஞ்ச், மீடியம் கிக் இரண்டும் சேர்ந்த கட்டளையை எல்1-க்கு மாற்றினேன். இப்போது மீடியம் கிக் வலது கட்டைவிரல், டிரைவ் ரஷ் இடது ஆள்காட்டி விரல், மீடியம் பஞ்ச் மறுபடி வலது கட்டைவிரல், ஹெவி ஷோர்யூகென் ஆர்1-ல் வலது ஆள்காட்டி விரல். இடது விரல் வேலை செய்யும் நேரத்தில் வலது கட்டைவிரல் சர்க்கிளிலிருந்து டிரையாங்கிளுக்கு நிதானமாக நகர்ந்துவிடுகிறது. செலவு பூஜ்யம். ஆப்ஷன்ஸ் மெனுவில் அரை நிமிடம். முன்-முன் என்று இருமுறை தட்டியும் டிரைவ் ரஷ் போகலாம்தான், ஆனால் அது பாரத்தை இடது கட்டைவிரலுக்கு மாற்றும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எந்தக் கருவி நல்லது? திசையை எந்த உறுப்பு கவனிக்கிறது என்று பார்த்தால் போதும். சாதாரண கன்ட்ரோலரில் இடது கட்டைவிரல், ஸ்டிக்கில் மணிக்கட்டு, லெவரே இல்லாத பட்டன் பெட்டியில் நான்கு விரல்கள். பெட்டியில் ஹடோகென் போட, கீழ் பட்டனைப் பிடித்து, முன் பட்டனைச் சேர்த்து, கீழை விட்டால் முடிந்தது. துல்லியம் அதிகம், ஆனால் முதல் சில வாரம் நடக்கவே தெரியாத குழந்தை மாதிரி இருக்கும். கட்டைவிரல் வலிப்பவர்களுக்கு ஸ்டிக்கோ பெட்டியோ உண்மையாகவே உதவும். அந்த வகையில் என் பணம் முழுதும் வீணில்லை. ஆனால் ஜெயிக்க விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பது பொய். 2014 ஈவோ போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை ஃபிரான்ஸின் லஃபி வென்றது முதல் பிளேஸ்டேஷனின் பழைய கன்ட்ரோலரை வைத்துத்தான்.

எனவே வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு அடிக்கடி உடையும் காம்போவை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் பக்கத்தில் விரல் பெயரைப் போடுங்கள். ஒரே பெயர் அடுத்தடுத்து வரும் இடத்தில் பெரும்பாலும் உங்கள் காம்போ உடைகிறது. அந்த ஒரு பட்டனை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப் போடாதீர்கள். இரண்டு வாரம் அதிலேயே விளையாடுங்கள். முதல் சில நாள் தோற்பீர்கள், பரவாயில்லை. ஒரு பட்டனில் ஒரு முழுத் தொடரையே பதிந்து வைக்கும் மேக்ரோ பக்கம் மட்டும் போகாதீர்கள். போட்டிகளில் அது ஏமாற்று.

என் காம்போ இப்போது மேட்ச்சில் பத்துக்கு ஏழு வருகிறது. மீதி மூன்று உடைவதற்கு விரல் காரணமில்லை, பதற்றம். அதற்கு எந்த மெனுவிலும் பட்டன் இல்லை.