கைத்தொழிலும் சான்றிதழும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் எழும் வினா ஒன்றே: பிள்ளையை மேற்கொண்டு எதில் சேர்ப்பது? சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதற்கு இருவகை விடைகளே கிடைக்கின்றன. மதிப்பெண் மிகுந்தால் இன்டர்மீடியட். குறைந்தால் தந்தையுடன் கட்டட வேலை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. கைத்தொழிலை முறைப்படி பயின்று சான்றிதழுடன் வெளிவருதலே அது.

இவ்வழி புதியதன்று. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த 1940-களின் இறுதியிலேயே உயர்நிலைப் பள்ளிகளில் பொறியியல், வேளாண்மை முதலிய பிரிவுப் பாடங்கள் புகுத்தப்பட்டன. டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் ஆராய்ந்த இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளை நிறுவுமாறு பரிந்துரைத்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் கருவிகளும் தேர்ந்த ஆசிரியரும் போதாமையாலும், படிப்பு ஏறாதவர்க்கே தொழில் என்ற எண்ணத்தாலும் அது ஆழ வேரூன்றவில்லை.

தொழிற்கல்வி என்றவுடன் நம்மவர் ஐயுறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாதி நேரம் பள்ளியிலும், மறுபாதி நேரம் பெற்றோர் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்ற திட்டத்தை 1953-இல் இராஜாஜி கொணர்ந்தார். குலக்கல்வி என்று அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. பிறப்பினால் வந்து சேரும் தொழில் வேறு; எவரும் விரும்பித் தேர்ந்து கற்கும் தொழில் வேறு. ஆனால் கொத்தனாரின் மகனைப் பதினாறாம் வயதில் சாந்துச் சட்டி சுமக்க அழைத்துச் செல்கின்றோமே, அதற்கு என்ன பெயர்? எதை எதிர்த்தோமோ அதனையே நம் வீட்டில் நாமே நடத்துகின்றோம் அன்றோ?

நம் ஊர்ப்பக்கத்திலேயே உள்ள வாய்ப்புகளைக் காண்போம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1960-இல் தொடங்கிய சிற்பக் கல்வி நிலையம் திருப்பதியில் இயங்கி வருகின்றது. பத்தாம் வகுப்புத் தேறியோர் அங்கே கோயிற் கட்டடக் கலை, கற்சிற்பம், சுதைச் சிற்பம், உலோகச் சிற்பம், மரச் சிற்பம் முதலியவற்றை நான்காண்டுகள் பயின்று டிப்ளமோ பெறலாம். ஒரு காலத்தில் தந்தை மகனுக்கு மட்டுமே சொல்லிக் கொடுத்த அளவும் கணக்கும் அங்கே வகுப்பறைப் பாடமாக அமைந்துள்ளன.

அடுத்து, 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நடைபெறும் ஐ.டி.ஐ.க்கள். கொத்து வேலை, குழாய் வேலை, வெல்டிங் ஆகியவை ஓராண்டுப் படிப்புகள். எலெக்ட்ரீஷியன், கட்டட வரைவாளர் ஆகியவை ஈராண்டுப் படிப்புகள். சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பெண் பிள்ளைகளும் சேரலாம். பாலிசெட் தேர்வெழுதிப் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ பயில்வோர், பின்னர் ஈசெட் தேர்வின் வழியே பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் இயலும். ஆகவே தொழில் கற்றவனுக்கு மேற்படிப்பின் கதவு அடைபடும் என்பது வீண் அச்சம்.

இரயில்வே எழுத்தன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். உதவி லோகோ பைலட் பணிக்குப் பட்டம் தேவையில்லை. பத்தாம் வகுப்புடன் உரிய பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இரயில்வே தொழிற்கூடங்களில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் அவ்வாறே. ஐ.டி.ஐ. முடித்தோர் பெறும் தேசியத் தொழிற் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லத்தக்கது. இன்று திருப்பதி, நாளை பெங்களூர், மறுநாள் சென்னை என்று பிழைப்புத் தேடிச் செல்லும் குடும்பத்திற்கு இதனினும் பயனுள்ள சொத்து யாது? கைத்திறனைக் கண்ணால் கண்டவரே அறிவர். சான்றிதழையோ காணாத ஊரிலுள்ளவரும் ஏற்பர்.

ஓராண்டு ஈராண்டு கூலி வருவாய் நின்றுபோகுமே என்பது பெற்றோரின் கவலை. அது பொய்யன்று. இங்கே அரசு வழியொன்று துணையாகும். 18 முதல் 60 வயதுக்குட்பட்டு, முந்திய ஓராண்டில் 90 நாள்களேனும் கட்டட வேலை செய்தவர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தோரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா, எவ்வளவு என்பதை வாரிய அலுவலகத்திலேயே கேட்டறிக.

மற்றொன்றையும் மறவாதீர். ஆந்திர மாநிலக் கல்லூரிச் சேர்க்கையில் உள்ளூர் மாணவர் என்ற தகுதி, எந்த ஊரில் எத்தனை ஆண்டு படித்தார் என்பதைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. ஊர் மாறும் குடும்பங்கள் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழை மறவாது பெற்றுப் பத்திரப்படுத்துக. தெலுங்கைப் பிழையற எழுதப் பழக்குக. வீட்டில் தமிழையும் கைவிடாதிருக்க.

மகன் தந்தையின் தொழிலையே விரும்பினால் அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அவன் சட்டி சுமப்பவனாக அன்றி, வரைபடத்தைப் படித்து அளவு சொல்பவனாக அக்கட்டடத்துள் நுழையட்டும். அதற்கு வேண்டிய ஓரிரண்டு ஆண்டுகளைப் பெற்றோர் அவனுக்கு அளிப்பார்களாக.