பாக்ஸில் இருக்கும் பெயர் யாருடையது?

பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும். தூத்துக்குடி மைக்செட்டுக்காரர்களுக்கு அப்போது தூக்கமே கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களின் வாயில் ஜேபிஎல், கிரவுன், ஏகேஜி, சவுண்ட்கிராஃப்ட் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். தனித்தனிக் கம்பெனிகள் போலத் தோன்றினாலும் நான்குக்கும் முதலாளி அமெரிக்காவின் ஹார்மன்தான். அந்த ஹார்மனையே 2017-இல் சுமார் 800 கோடி டாலருக்குத் தென்கொரியாவின் சாம்சங் வாங்கிவிட்டது.

ஒலிக்கருவிக் கம்பெனிகளை ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் காது கூர்மையான பொறியாளர்கள். கணக்கு வழக்கு அவர்களுக்குக் கைவராது. ஜேபிஎல்லை 1946-இல் தொடங்கிய ஜேம்ஸ் லான்சிங், பண நெருக்கடியின் நடுவே 1949-இல் இறந்துபோனார். அவருக்குப் பின் நடத்தியவர் 1969-இல் சிட்னி ஹார்மனிடம் விற்றார். வாங்குபவரின் கணக்கோ வேறு. தொழிற்சாலையை ஓரிரு ஆண்டில் கட்டிவிடலாம். ‘இந்தப் பேர் போட்டிருந்தால் நம்பி வாங்கலாம்’ என்ற நம்பிக்கை வளர ஒரு தலைமுறை ஆகும். காசு கொடுத்தால் அது உடனே கைக்கு வந்துவிடுகிறது. சாம்சங்குக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. ஹார்மனின் வருமானத்தில் பெரும்பங்கு கார்களுக்கான கருவிகளிலிருந்துதான் வந்தது.

பெயரை வாங்கிவிடலாம், கைத்திறனை வாங்க முடியாது. வியன்னாவின் ஏகேஜி 1947-இல் தொடங்கிய கம்பெனி. 1953-இல் அது கொண்டுவந்த சி12 மைக்கின் உயிர் அதன் கேப்சூலில் இருந்தது. பித்தளை வட்டின் மேல், தலைமுடியைவிட மெல்லிய சவ்வை எங்கும் ஒரே இழுப்பில் பொருத்த வேண்டும். இழுப்பு மாறினால் குரலும் மாறிவிடும். 1990-களில் ஏகேஜி ஹார்மனிடம் போனது. 2017-இல் வியன்னா கூடத்தை மூடினார்கள். பெயர் மட்டும் தொடர்ந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதே ஊரில், அதே ஆண்டில், ஆஸ்ட்ரியன் ஆடியோ என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த மைக்குகளின் வாரிசைத் தேடுகிறவர்கள் இந்தப் புதுப்பெயரின் பக்கமும் பார்ப்பதே நியாயம் என்பது என் கருத்து.

சம்பந்தமில்லாத தொழிலில் இருப்பவர் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தோமே, அந்தக் கருவிக்குப் பெயர் பெற்ற அமெரிக்க மருத்துவக் கம்பெனி மாசிமோ. டெனான், மரான்ட்ஸ், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஆகிய ஒலிக்கருவிப் பெயர்களை வைத்திருந்த சவுண்ட் யுனைட்டெடை அது 2022-இல் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அறிவிப்பு வந்ததுமே மாசிமோவின் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2025-இல் வெறும் 35 கோடி டாலருக்கு ஹார்மனிடம் தள்ளிவிட்டார்கள்.

எல்லாக் கைமாற்றமும் கேட்டில் முடிவதில்லை. 1949-இல் பிறந்த மெக்கின்டாஷ் கம்பெனி, 1990-இல் ஜப்பானின் கிளாரியனிடம் போய், பிறகும் பல கை மாறி, 2024-இல் போஸ் கம்பெனியிடம் வந்தது. இத்தனைக்கும் பிறகு அதன் ஆம்ப்ளிஃபயர்கள் நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டனிலேயே தயாராகின்றன. போஸின் கதையும் தனி. வங்காள விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகனும் அதைத் தொடங்கியவருமான அமர் போஸ், 2011-இல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை எம்ஐடி கல்வி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். விற்கக் கூடாது, நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்பது நிபந்தனை.

இதெல்லாம் கடற்கரை ஊருக்கு ஸ்பேர் வடிவில் வந்து சேர்கிறது. இங்கே உப்புக்காற்றில் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், காகிதக் கோன் ஈரம் இழுக்கும். கோன் கிழிந்தாலோ வாய்ஸ் காயில் கருகினாலோ மெக்கானிக் சட்டத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவார். புதுக் காயில் காந்த இடுக்கின் நடுவில் உரசாமல் நிற்க, சுற்றிலும் மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகி, பசை காய்ந்தபின் உருவுவார். கம்பெனி கோன் கிடைத்தால் பழைய ஓசை கிட்டத்தட்டத் திரும்பிவிடும். கைமாறிய கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால், கிடைத்த கோனைத்தான் ஒட்டியாக வேண்டும். அப்புறம் இரண்டு பாக்ஸும் இரண்டு விதமாகப் பாடும்.

ஆகவே வாங்கும்முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்குக் கம்பெனி கோனும் ட்வீட்டர் டயஃப்ரமும் இப்போது கிடைக்கிறதா? பத்து வருஷத்துக்கு முந்தைய மாடலுக்குக் கிடைக்கிறதா?