புளியரை ஏற்றமும் பழைய டர்போவும்

செங்கோட்டையைத் தாண்டி புளியரைக்கு வந்ததும் கொல்லம் சாலை மலையைப் பிடிக்கிறது. எஸ் வளைவில் முன்னால் சரக்கு லாரி ஊர்ந்தால், பின்னால் வரும் பழைய ஸ்விஃப்ட் டீசல் இரண்டாவது கியருக்கு இறங்கியாக வேண்டும். எவ்வளவு மிதித்தாலும் 2,000 சுற்றை நெருங்கும்வரை வண்டி முக்கும், அதன்பிறகு பாயும். ‘டர்போ பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏத்திவிட்டா என்ன?’ என்ற ஆசை பிறக்கும் இடம் அதுதான்.

சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. இதுதான் டர்போ; அந்தக் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

பூஸ்ட்டை ஏற்ற ஒரு மலிவான வழி உண்டு. அழுத்தம் மிகும்போது புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் கம்பியைச் சற்றே முடுக்கிவிடுவார்கள். ஆனால் கணினி எரிபொருளைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் டீசல் வண்டியில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. கணக்கு மீறினால் கணினி சக்தியைக் குறைத்து, ஏற்றத்தின் நடுவிலேயே வண்டியை முடக்கிப்போடும்.

ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் தந்தது 75 குதிரைத்திறன். அதே குடும்ப என்ஜின் எஸ்எக்ஸ்4 காரில் 90 தந்தது. கம்பியை முடுக்கி வந்த கூடுதல் அல்ல அது. இறக்கைகள் கோணம் மாறும் வேறு டர்போவையே நிறுவனம் பொருத்தியிருந்தது.

ஆகவே முதலில் தேட வேண்டியது, வண்டி இழந்துவிட்ட பூஸ்ட்டை. பத்து வயது தாண்டிய காரில் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். மிதிக்கும்போது ‘உஸ்’ஸென்று சத்தமும் பின்னால் கரும்புகையும் வந்தால் காற்று எங்கோ கசிகிறது. அதைச் சரிசெய்தாலே பாதி ஏக்கம் தீர்ந்துவிடும்.

அதற்குமேலும் வேண்டுமென்றால் அழுத்தத்துக்கு ஒரு மீட்டர், புகைச் சூட்டுக்கு ஒரு மீட்டர் பொருத்திய பிறகே கை வைக்க வேண்டும். டீசலில் எரிபொருள் மட்டும் கூடிக் காற்று போதாமல் போனால் புகை கருக்கும், சூடு ஏறும், பிஸ்டனும் டர்போவும் உருகும் அபாயம் வரும். பெட்ரோலில் ஆபத்து வேறு: கலவை தானாகவே வெடிக்கும் ‘நாக்கிங்’. இரண்டிலும் கணினியின் எரிபொருள் கணக்கைச் சேர்த்துத் திருத்தாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றுவது என்ஜினைப் பணயம் வைப்பது.

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் குளிர்ந்த காற்று அடர்த்தியாக உள்ளே போகும். வண்டி தானாகவே சுறுசுறுப்பாகத் தெரியும். சித்திரை வெயிலில் அதே ஏற்றம் கனக்கும். அதனால் மீட்டரைப் பார்த்து எல்லை வகுக்க வேண்டியது கோடையில்தான். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டை எண்ணெய்ப் படலம்தான் தாங்குகிறது; என்ஜின் நின்றால் அந்த எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். அதனால் மலையேறி முடித்து கோட்டைவாசலில் டீக்கு நிறுத்துபவர், சாவியைத் திருப்புமுன் ஓரிரு நிமிடம் என்ஜினை ஐடிலில் ஓடவிட வேண்டும்.