டாக்டருக்கு அறுபதாம் கல்யாணம்

சாலை பஜாரில் நூல், பட்டன், ஜிப், லேஸ் விற்கிற கடை எங்களுடையது. உல்லன் நூலும் வைத்திருக்கிறோம். ஆனால் திருவனந்தபுரத்தில் அதைக் கேட்டு வருகிறவர்கள், பிள்ளைகளின் கைவேலை வகுப்புக்காக அலைகிற அம்மாமார்கள்தான். மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற ஊரில் போர்த்திக்கொள்ள உல்லன் எதற்கு? 2023இல் ஓணம் முடிந்த கையோடு என் அண்ணன் மகள் பழவங்காடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவள். "அத்தை, பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு மஃப்ளர் பின்னித் தருவீங்களா?" என்றாள்.

"யாருக்குட்டி, ஒட்டகச்சிவிங்கிக்கா?"

"டாக்டருக்கு. நவம்பர்ல அறுபது முடியுது."

கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். எந்த நிறத்தில் எத்தனை வரிசை, அடுத்து எந்த நிறம் என்று மேலிருந்து கீழ்வரை பட்டியல். ஏழு நிறங்கள். டி.வி.யில் வந்த காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மஃப்ளரின் ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை வரிசை என்று எண்ணி, ரசிகர்களே தயாரித்த கணக்காம் அது. நாற்பது வருஷமாக ஊசி பிடிக்கிறேன். இத்தனை பொறுமையாக இன்னொருவர் பின்னலை யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. அதற்காகவே ஒப்புக்கொண்டேன். பின்னுகிறபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னாள். மிச்சத்தை நானே தேடிப் படித்தேன்.

'டாக்டர் ஹூ' என்பது பிபிசியின் விஞ்ஞானத் தொடர். டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகத்துக்காரர். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. லண்டன் தெருமுனைகளில் அந்தக் காலத்தில் போலீசை அழைப்பதற்கென்று நீலநிறத்தில் ஒரு பெட்டி நிற்கும். அதுதான் அவருடைய வாகனம், பெயர் டார்டிஸ். வெளியே பார்த்தால் ஒரு ஆள் நிற்கிற இடம், உள்ளே போனால் மண்டபம். எந்தக் காலத்துக்கும் எந்த கிரகத்துக்கும் போகும். போகிற இடத்துக்கு ஏற்ப உருவம் மாறவேண்டிய வண்டி அது. கோளாறாகி போலீஸ் பெட்டியாகவே நின்றுவிட்டது என்று கதையில் சொல்லிவிட்டார்கள். உண்மையான காரணம், வாரம் ஒரு புது வண்டி கட்டப் பணம் கிடையாது.

டாக்டரின் முகம் மாறுவதும் இப்படி வந்ததுதான். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு 1966இல் உடம்புக்கு முடியவில்லை. தொடரை நிறுத்த மனமில்லாமல், டாக்டரின் இனத்தாருக்குச் சாகும் தறுவாயில் உடம்பு புதிதாகிவிடும் என்று ஒரு விதியை எழுதி, பேட்ரிக் டிரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு யோசனையில்தான் தொடர் இன்றுவரை பிழைத்துக் கிடக்கிறது. நீள மஃப்ளர் நான்காவது டாக்டருடையது. 1974 முதல் 1981 வரை நடித்த டாம் பேக்கர். உடை அமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் தேவைக்கு மேல் உல்லன் வாங்கிக் கொடுத்துவிட, பின்னித் தந்த பெகோனியா போப் அத்தனையையும் பின்னி முடித்துவிட்டார். கொடுத்ததை மிச்சம் வைக்காமல் பின்னுகிற அந்த அம்மாளை நான் மனதார ஆதரிக்கிறேன்.

முதல் பகுதி ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. முந்தின நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டிருந்தார். ஊரே அந்தச் செய்தியில் இருந்தது, போதாததற்குச் சில பகுதிகளில் மின்வெட்டு வேறு. அதனால் அடுத்த சனிக்கிழமை முதல் பகுதியை மறுபடி காட்டிவிட்டு இரண்டாவதைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. இயக்குநருக்கு 24. அந்த இயக்குநரின் பெயர் வாரிஸ் ஹுசைன், பிறந்தது லக்னோவில். அவருடைய அம்மா அத்தியா ஹுசைன் பேர்பெற்ற எழுத்தாளர். கோட்டும் டையும் போட்ட மூத்த ஆண்கள் நிறைந்த பிபிசியில், ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞனும் சேர்ந்து தொடங்கி வைத்த தொடர் இது. முதலில் எடுத்ததை மேலிடம் ஏற்கவில்லை. முழுப் பகுதியையும் மறுபடி எடுத்தார்கள். டார்டிஸ் கிளம்பும்போது கேட்கிற அந்த முனகல் சத்தம், பியானோவின் கம்பிகளில் வீட்டுச் சாவியை இழுத்துத் தேய்த்து பிரையன் ஹாட்ஜ்சன் உண்டாக்கியது. இவ்வளவையும் கேட்டபிறகுதான் எனக்கு இந்த ஆட்கள்மேல் மதிப்பு வந்தது. கைக்காசு இல்லாதவன் மூளை நன்றாக வேலை செய்யும்.

தேதியைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, 1963 நவம்பர் 21 மாலை, இங்கே தும்பாக் கடற்கரையிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. நைக்-அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட். அதில் வைத்திருந்தது சோடியம். உயரே போய் ஆவியாக வெளியேறி, சூரியன் மறைந்த வானத்தில் ஆரஞ்சு நிற மேகமாகப் பரவியது. மேல்வானத்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அந்த மேகத்தைப் பார்த்துத்தான் கணக்கிட்டார்கள். பூமியின் காந்த நடுக்கோடு தும்பா பக்கமாகப் போகிறது என்பதால் விக்ரம் சாராபாய் இந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். மக்தலேனா மரியாள் தேவாலயமும் ஆயர் வீடும் அலுவலகமாகவும் பட்டறையாகவும் மாறின. அப்துல் கலாமோடு அங்கே வேலை பார்த்த ஆர். ஆராவமுதன், அந்த நாள்களில் திருவனந்தபுரம் ரயில் நிலைய கேன்டீனில் சாப்பாடு கட்டிக்கொண்டு தும்பாவுக்கு பஸ் ஏறியதை எழுதியிருக்கிறார். அந்த ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். என் அப்பா அந்த மேகத்தை நாகர்கோவிலில் வடசேரிச் சந்தைப் பக்கம் நின்று பார்த்தவர். "வானத்துல யாரோ குங்குமப்பூவக் கரைச்சு ஊத்துன மாதிரி" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1963இல் நடந்தது சோபகிருது வருஷம். அறுபது வருஷச் சுற்று முடிந்து மறுபடி சோபகிருது வந்தது 2023இல்தான். தும்பா ராக்கெட்டும் இந்த டாக்டரும் ஒரே கார்த்திகையில், ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து சஷ்டியப்தபூர்த்தி வைத்துவிடலாம் என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அண்ணன் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் இந்த விழாவைக் கொண்டாடுகிற தகுதி பிபிசியைவிட ரசிகர்களுக்குத்தான் அதிகம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அறுபதுகளில் வீடியோ டேப் யானை விலை. நடிகர்களோடு போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறுபடி காட்டவும் முடியாது. ஒருமுறை ஓடிய டேப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அழித்து, அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்கப் போட்ட ஃபிலிம் பிரதிகளும் பின்னால் குப்பைக்குப் போயின. எழுபதுகளின் கடைசியில்தான் கை நின்றது. முதல் ஆறு ஆண்டுகளில் வந்த 253 பகுதிகளில் 97, அறுபதாம் ஆண்டு விழா நடந்தபோதும் கிடைக்காமலே இருந்தன. ஹார்ட்னல் டிரௌட்டனாக மாறுகிற பகுதியே இல்லை. அந்த மாற்றம் நடக்கிற சில விநாடிகள் மட்டும், 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டியிருந்ததால் தப்பின.

ஆனால் அந்த 97 பகுதிகளின் ஒலி முழுதாக இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை. காரணம், வீடுகளில் பையன்கள் டி.வி.க்கு முன்னால் டேப் ரெக்கார்டரின் மைக்கை வைத்துப் பதிந்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடியோ வராத காலம். திரும்ப அனுபவிக்க அதுதான் ஒரே வழி. பதிகிற நேரத்தில் வீட்டில் யாரும் இருமக்கூட முடியாமல் எப்படி அடங்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. நிறுவனம் துடைத்துப் போட்டதைப் பிள்ளைகள் மேசை டிராயரில் வைத்திருந்து, முப்பது வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒலிக்குப் படம் வரைந்து பல கதைகளை அனிமேஷனாக வெளியிட்டிருக்கிறார்கள். தொலைந்த ஃபிலிம்களையும் தேடிப் போனார்கள். 1991இல் ஹாங்காங்கில் ஒரு முழுக்கதை கிடைத்தது. 2013இல் நைஜீரியாவின் ஒரு டி.வி. நிலையத்தில் ஒன்பது பகுதிகள்.

இதைக் கேட்டதும் நான் எழுந்துபோய் பீரோவிலிருந்து என் காலிகோ பைண்டிங்கை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. கல்யாணத்துக்கு முன்னால் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து நானே பைண்டு செய்யக் கொடுத்தது. படங்களோடு இருக்கிறது. பின்பக்கத்தில் வேறொரு கதையின் பாதி, சோப்பு விளம்பரம், தலையில்லாத ஜோக் எல்லாம் இருக்கிறது. பிறகு அது புத்தகமாக வந்தது, தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஆனாலும் அந்த விளம்பரங்களோடு படிக்கிற ருசி புத்தகத்தில் இல்லை. கதை நடக்கிற காலம் 2020களின் தொடக்கம். அந்த வருஷங்களை நாம் தாண்டியே வந்துவிட்டோம். அதில் வருகிற ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றிச் சொன்னதும் அவள் துள்ளினாள். டாக்டரிடமும் இயந்திர நாய் இருக்கிறதாம். கே-நைன் என்று பெயர், 1977இல் வந்தது. இரண்டுமே எஜமானைவிட விவரமானவை, இரண்டுக்குமே அது தெரியும்.

1989இல் பிபிசி தொடரை நிறுத்திவிட்டது. நடுவில் 1996இல் ஒரு டி.வி. படம், மற்றபடி 2005 வரை திரையில் ஒன்றும் கிடையாது. அந்த இடைவெளியில் நாவலும் ஒலி நாடகமுமாகக் கதையை நகர்த்திக்கொண்டு போனதில் பெரும்பங்கு தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு. 2005இல் மறுபடி தொடங்கி வைத்த ரஸல் டி டேவிஸ் சிறுவயதிலிருந்தே ரசிகர். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஸ்டீவன் மோஃபட்டும் அப்படியே. டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட் நடிகரானதற்கே இந்தத் தொடர்தான் காரணம். பன்னிரண்டாவது டாக்டரான பீட்டர் கபால்டி எழுதிய ரசிகர் கடிதம் 1974இல் 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. வாசகர் கடிதம் எழுதுகிற பையன்களை இனிமேல் யாரும் இளப்பமாகப் பார்க்க வேண்டாம்.

விழா நாளுக்கு வருகிறேன். அறுபதாம் ஆண்டுச் சிறப்புக் கதைகள் மூன்று. முதலாவது 2023 நவம்பர் 25 சனிக்கிழமை மாலை ஆறரைக்கு லண்டனில். நமக்கு ஹாட்ஸ்டாரில் நள்ளிரவு 12. சாயங்காலமே அவளும் அவள் நண்பர்களும் வந்துவிட்டார்கள். முதல் வேலையாகப் பழவங்காடி கணபதிக்கு விடலை போட்டார்கள். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்வது இந்திய ராணுவம். விக்கிரகம் பழைய நாயர் படையோடு எங்கள் பக்கத்துப் பத்மநாபபுரத்திலிருந்து வந்தது என்பார்கள். பரீட்சை, கல்யாணம், புது கார் என்று எதற்கெல்லாமோ தேங்காய் சிதறுகிற அந்தக் கல்லில் வேற்றுக்கிரகத்துக்காரருக்கும் ஒன்று சிதறியது. கணபதிக்கு இதெல்லாம் வித்தியாசம் இல்லை.

பதினோராவது டாக்டர் ஒரு கதையில் மீன் துண்டுகளைக் கஸ்டர்டில் முக்கித் தின்பார். ரசிகர்கள் விழாவென்றால் அதைச் செய்து தின்பது வழக்கமாம். என் அடுப்பில் மீன் ஏறாது. பழம்பொரி போட்டுக் கொடுத்தேன், கஸ்டர்டில் முக்கினார்கள். நன்றாகவே இருந்தது, நானும் தின்றேன். மஃப்ளரை ஆளுக்குக் கொஞ்ச நேரம் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வியர்த்து வழிந்து, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். மணி 12 அடிக்கையில் டென்னன்ட் திரையில் வந்ததும் எழுந்த கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டார். கதையில் மீப் என்று ஒரு வெள்ளைப் பஞ்சுருண்டைப் பிராணி, பெரிய கண்களோடு. பார்த்ததும் இது பொல்லாதது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. கடை நடத்துகிறவளுக்குத் தெரியாதா, ரொம்பக் கொஞ்சிப் பேசுகிற வாடிக்கையாளரை?

இதில் ஒரு வேடிக்கை. விழாவுக்காக பிபிசி தன் இணையச் சேவையில் பழையதும் புதியதுமாக 800க்கு மேற்பட்ட பகுதிகளை வைத்தது. முதல் கதையை மட்டும் வைக்க முடியவில்லை. அதை எழுதியவரின் வாரிசோடு உரிமைச் சிக்கல். அறுபதாம் கல்யாணத்தில் கல்யாண ஃபோட்டோவைக் காட்ட முடியாத நிலைமை.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை இது. 800 என்று கேட்டு மலைக்க வேண்டாம். 2007இல் வந்த 'பிளிங்க்' என்ற ஒரு பகுதி போதும் தொடங்க. நாம் பார்க்கிறபோது கல்லாக நிற்கிற சிலைகள், கண் சிமிட்டினால் நகர்ந்துவிடும். சுசீந்திரம் கோயில் தூண்களுக்கு நடுவே ஒளிந்து விளையாடி வளர்ந்தவளுக்கே அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்து 2018இல் வந்த 'டிமான்ஸ் ஆஃப் த பஞ்சாப்'. வினய் படேல் எழுதியது, 1947 பிரிவினையின்போது ஒரு கல்யாண வீட்டில் நடக்கிறது. அரக்கர்களென்று நினைத்தவர்களை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்து பயப்பட வைக்கிற கதை. வாரிஸ் ஹுசைன் எடுத்த அந்த முதல் கதை எங்காவது கிடைத்தால் முதல் பகுதியை விடாதீர்கள், இருபத்தைந்து நிமிஷமும் இன்றைக்கும் சிலிர்க்கிறது. மிச்ச மூன்று பகுதியும் குகை மனிதர்கள் நெருப்புக்கு அடித்துக்கொள்வதுதான். அந்த நேரத்தில் மறுநாள் இட்லிக்கு ஆட்டிவிடலாம்.