கதைக்குள் நுழைய ஒரு வாசல்

தோழிகளே, விடிய விடிய உட்கார்ந்து தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? டி.வி.யில் பொங்கலன்று பத்து நிமிஷம் காட்டுவார்களே, அதைச் சொல்லவில்லை. கோவில் வாசலில் கோணி விரித்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பதைச் சொல்கிறேன். புதுச்சேரியைச் சுற்றி விழுப்புரம், செஞ்சி வரைக்கும் திரௌபதி அம்மன் கோவில் திருவிழா என்றால் பாரதம் படிப்பதும், கூத்தும், தபசு மரம் ஏறுவதும், படுகளமும், தீமிதியும் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். அந்தக் கூத்துக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் போன கோடை விடுமுறை வரை தெரியாது.

என் நாத்தனார் குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது. மாமனார் வழியில் சொல்தா குடும்பம். எங்கள் ஊரில் இது புதிதல்ல, தெருவுக்கு இரண்டு வீடு இப்படி உண்டு. அவர் மகளுக்குப் பதினாறு வயது. புது ஊருக்கு வீடு மாறியதில் பள்ளிக்கூடத்தில் பேச ஆளில்லை. அவளுக்கு இருக்கிற சிநேகிதிகள் ஆறு பேரும் ஒரு ஆன்லைன் விளையாட்டில் கிடைத்தவர்கள். லீவுக்கு வந்தவள் லேப்டாப்பும் கையுமாகவே இருந்தாள். "ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிடப் போறேன் அண்ணி" என்று நாத்தனார் என்னிடம் சொன்னபோது, அந்தப் பெண் அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்தாள். அம்மா திட்டியதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். விஷயம் வேறு.

அந்த விளையாட்டின் பெயர் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன். 2007ல் வந்தது. டோல்கீன் என்பவர் எழுதி 1954, 55ல் மூன்று பாகமாக வந்த ஆங்கில நாவலை வைத்துச் செய்தது. 2010ல் இருந்து பணம் கட்டாமலும் ஆடலாம்; ஆனால் உள்ளே கடை உண்டு, அதில் காசு போகும். தாய்மார்கள் கவனிக்கவும். ஆடுபவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை உண்டாக்கிக்கொண்டு அந்த உலகத்தில் உலவலாம். அதிலும் சிலர் சண்டை போடுவதோடு நிற்காமல், தங்கள் பாத்திரமாகவே பேசி, பழகி, கதை வளர்ப்பார்கள். ரோல் ப்ளே என்று பெயர்.

இவள் செய்தது என்னவென்றால், நாவலில் வரும் ராஜாவுக்குத் தொலைந்துபோன தங்கை என்று ஒரு பாத்திரத்தை உண்டாக்கிவிட்டாள். சிநேகிதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. "புத்தகத்தில் அவருக்குத் தங்கையே கிடையாது. உன்னை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிக் கதை நடத்துவது?" என்று கேட்டிருக்கிறார்கள். இவளுக்கு அவமானம். "இனி அங்கே போகமாட்டேன் அத்தை" என்றாள். இருக்கிற ஆறு பேரும் போனால் அவளுக்கு அந்த ஊரில் யார்?

இதற்குப் பதில் சொன்னது நானில்லை, என் மாமியார். செஞ்சிப் பக்கத்துக்காரர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், பாரதம் மட்டும் தலைகீழ்ப் பாடம். பேத்தி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அரவானைப் பாரு கண்ணு" என்றார்.

வியாச பாரதத்தில் அரவான் பெரிய பாத்திரம் அல்ல. அர்ஜுனனுக்கும் நாககன்னிகை உலூபிக்கும் பிறந்த பிள்ளை. போருக்கு வருகிறான், எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். அவ்வளவுதான். நம் தமிழ்நாட்டில் அவனுக்கு என்ன பெரிய கதை வந்துவிட்டது பாருங்கள்! போர் ஜெயிக்க எல்லா லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கண்ணன், அர்ஜுனன், அரவான் மூன்றே பேர். முதல் இருவரும் போனால் போரே இல்லை. ஆகவே அரவான். 9ஆம் நூற்றாண்டு பெருந்தேவனார் பாரதத்திலேயே இந்தக் களப்பலி இருக்கிறதாம். சாகுமுன் கல்யாணம் வேண்டும் என்று அவன் கேட்டதும், மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லாமல் கண்ணனே மோகினியாக வந்ததும், பிறகு ஜனங்கள் சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் மாமியார் விரலை மடக்கினார். "போருக்கு முந்தியே பலி கொடுத்துட்டா, எட்டாம் நாள் சண்டையில எப்படிச் சாவான்? மூலக்கதை பொய்யாயிடுமே?" அதற்கும் கூத்துக்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள். சதையை அரிந்து காளிக்குக் கொடுத்த பிறகும் கண்ணன் தந்த வரத்தால் எழுந்து எட்டாம் நாள் வரை போரிட்டான் என்பார்கள். வெட்டுண்ட தலை பதினெட்டு நாளும் போரைப் பார்த்தது என்றும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் பாண்டவர்கள் ஜெயித்தது ஜெயித்ததுதான், அதில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு சின்ன இடுக்கு கிடைத்தது, அதற்குள் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு தாலியறுப்பு எல்லாவற்றையும் வைத்துவிட்டார்கள்.

அந்த இடுக்கில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது! உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கைகள் வந்து கூத்தாண்டவரை, அதாவது அரவானை, நினைத்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் அழுகளம் போனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். வேண்டுதல் வைத்த உள்ளூர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது 2008ல். சுப்ரீம் கோர்ட் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது 2014ல். கூத்தாண்டவர் கதை அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே அவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டது.

திரௌபதி அம்மன் கோவில்களில் காவலாக நிற்கும் போத்துராஜாவும் அப்படித்தான். கையில் வெட்டுண்ட தலையோடு நிற்பாரே, அவர். எங்கள் மாமியார் போர்மன்னன் என்பார். வியாசரிடம் தேடினால் கிடைக்கமாட்டார். முத்தால் ராவுத்தர் என்று ஒரு முஸ்லிம் காவல்காரரும் அம்மனுக்கு உண்டு. பாரதக் காலத்தில் ராவுத்தர் ஏது என்று எந்த ஊரிலும் கேட்டதாகத் தெரியவில்லை. வாசலில் காவல் நிற்கிறவர்தானே, சிம்மாசனம் கேட்கவில்லையே!

எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். கல்கியின் பொன்னியின் செல்வனை நம்மில் படிக்காதவர் குறைவு (2022ல் படம் வந்த பிறகு படித்தவர்களும் சேர்த்தி). ஆதித்த கரிகாலன் கொலை நடந்தது நிஜம். உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் முதலானவர் பெயர்கள் இருக்கின்றன. நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்தக் கொலை எப்படி நடந்தது என்று சரித்திரம் சொல்லாத இருட்டில்தான் கல்கி அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அருள்மொழிவர்மன் ராஜராஜன் ஆவதை அவள் தடுக்கவில்லை. பூங்குழலியும் கற்பனைதான்; ஓடக்காரப் பெண், நடுக்கடலில் யார் கணக்கெடுத்தார்கள்? நம் டி.வி. சீரியல்களில் செத்தவர் திரும்பி வருவதையும், திடீரென்று இரட்டைப் பிறவி முளைப்பதையும் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. அது இடுக்கு தேடி நுழைவதல்ல, சுவரை இடித்து நுழைவது.

நாத்தனார் மகள் சொன்னாள், அந்த விளையாட்டைச் செய்தவர்களே இந்த வழியைத்தான் பிடித்திருக்கிறார்களாம். நாவலின் முக்கியக் கூட்டம் தெற்கே மோதிரத்தை அழிக்கப் போகும்போது, ஆடுபவர்களுக்கு வடக்கே அங்மார் என்ற நாட்டில் வேலை கொடுத்தார்களாம். நாவலில் அந்த நாட்டைப் பற்றி அதிகம் இல்லை.

பிறகு பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து பாத்திரத்தை மாற்றினார்கள். கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்றதும் கட்டியக்காரன் கேட்பானே, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று, அதே மூன்று கேள்விதான். ராஜாவின் தங்கை போய், வடக்கே சண்டையில் ஊர் அழிந்து, ப்ரீ என்ற ஊர்ச் சத்திரத்துக்கு மூலிகை விற்க வந்த பெண் ஆனாள். பெயரைக்கூட அந்த உலகத்து வழக்கப்படி வைத்தாள். "ராஜா ரகசியமெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச மாதிரி பேசிடாதே" என்று மாமியார் எச்சரித்தார். அவர்கள் விளையாட்டிலும் அது பெரிய விதியாம்!

சிநேகிதிகள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியின் பாத்திரத்துக்குக் காயம்பட்டு மருந்து தேவைப்பட்டதாம், முதல் நாளே வியாபாரம்.

நாத்தனாரிடம் நான் பேசினேன். கனெக்‌ஷனைப் பிடுங்கவில்லை. சனி, ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம், லேப்டாப் கூடத்தில்தான் இருக்க வேண்டும், நிஜப் பெயர், விலாசம், போட்டோ யாருக்கும் தரக்கூடாது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர்ப் பாரதத்தில் வேறெங்கும் இல்லாத பாத்திரம் யாராவது இருந்தால் எழுதுங்களேன். ஆயாவிடம் இன்னும் கேட்கச் சொல்லி பிரான்ஸிலிருந்து வாரா வாரம் போன் வருகிறது. மாமியாரிடம் சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது.

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.