கடல் தாண்டிய காபி இலை

எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு காபி இலையைப் பார்த்தே தோட்டத்துக்கு என்ன நோய் என்று சொல்லிவிட முடியுமா?

சொன்னார் ஒருவர். அவர் வைத்தியருமில்லை, தோட்டக்காரருமில்லை. இங்கிலாந்தில் சிபர்டாஃப்ட் என்ற சின்ன கிராமத்தின் பாதிரியார், மைல்ஸ் பெர்க்லி. தேவாலயப் பணி போக மீதி நேரமெல்லாம் அவருக்குப் பூஞ்சை ஆராய்ச்சிதான்.

இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்தவர் ஜார்ஜ் த்வெயிட்ஸ். பிரிஸ்டல்காரர், கப்பலேறி வந்தவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆனால் பெர்க்லிக்குக் கடிதம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 1869-ல் அப்படிப் போனவைதான், அடியில் துருப்போல ஆரஞ்சு நிறத் தூள் படிந்த காபி இலைகள்.

பெர்க்லி நுண்ணோக்கியில் பார்த்தார். அதுவரை யாரும் பெயரிடாத பூஞ்சை! நண்பர் புரூமுடன் சேர்ந்து அதற்குப் பெயர் வைத்தார். நோய் இன்னதென்று தெரிந்தது. தடுக்கத்தான் வழி தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காபித் தோட்டங்கள் அழிந்தன, தேயிலை வந்தது.

அது நம் மக்களின் வாழ்க்கையையும் மாற்றியது. காபி இருந்தவரை, தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களில் பலர் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக அந்த மலைகளிலேயே தங்கிவிட்டார்கள்.